“பென் பழுதாப் போச்சு” எண்டு இனிச் சொல்லாதேங்கோ

“பென் பழுதாப் போச்சு.”

இந்த வசனத்தை நாங்கள் எத்தனை கூட்டங்களில் கேட்டிருப்போம்? போன வருட நாடகத்தின் வீடியோ எங்கே? பென் பழுதாப் போச்சு. பட்டறையில் பிள்ளைகள் எழுதின கதைகள் எங்கே? ரைப் பண்ணி வச்சது, பென் பழுதாப் போச்சு. பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கென்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்த படங்கள்? செயலாளரிட்ட இருந்தது, அவர் கனடாவுக்குப் போட்டார், பென் இருக்கு, திறக்குதில்லை. கேட்டவர் தலையாட்டுவார். யாரோ “சீ, பாவம்” என்பார்கள். பிறகு எல்லோரும் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவோம். செத்த வீட்டுக்குப் போய் “எத்தினை வயசு?” என்று கேட்டு, எண்பத்தேழு என்றதும் ஆறுதலாகித் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி.

நாங்களும் அப்படித் தலையாட்டினவர்கள்தான். பிறகு எங்கட முறை வந்தது.

வடமராட்சியில் ஓர் ஊரில் ஓர் அண்ணாவியார் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. காத்தவராயன் கூத்தை ஐம்பது வருடமாகப் பழக்கியவர். அவருடைய மெட்டுகள் சில இடங்களில் பக்கத்து ஊர் மெட்டுகளில் இருந்து விலகிப் போகும். எங்கே விலகும், ஏன் விலகும் என்று அவரே இரண்டு விதமாகவும் பாடிக் காட்டுவார். நாங்கள் ஒரு ரெக்கோடரை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு இரவுகள் அவர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். மொத்தம் 23 ஓடியோ ஃபைல்கள். முதல் இரவு மூன்று மணித்தியாலம், இரண்டாம் இரவு அதைவிடக் கொஞ்சம் கூட. எல்லாம் சேர்த்து 4 ஜிபிக்குக் கிட்ட. ரெக்கோடரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் கார்ட்டில் இருந்த எல்லாவற்றையும் புதிதாக வாங்கின ஒரு 32 ஜிபி பென்னுக்கு மாற்றிவிட்டு, கார்ட்டை அழித்துச் சுத்தமாக ஒப்படைத்தோம். இரவல் வாங்கின சட்டியைக் கழுவிக் குடுக்க வேணும் எண்டு அம்மாமார் பழக்கின பழக்கம்.

ஆக, அந்த இரண்டு இரவுகளும் உலகத்தில் ஒரேயொரு இடத்தில் இருந்தன: எங்களில் ஒருத்தியின் சாவிக்கொத்தில்.

ஒரு கிழமை கழித்து அதே பென்னில் ஒரு போஸ்டரைப் போட்டுக்கொண்டு பிரிண்ட் எடுக்கக் கொமினிகேஷனுக்குப் போனோம். வீட்டுக்கு வந்து பென்னைச் செருகினால், ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட். லப்டொப்பில் இருந்த அன்டிவைரஸ் கத்தியது, அந்த ஷோர்ட்கட்டை அழித்தது. இப்போது பென் வெறுமையாகத் தெரிந்தது. குறூப்பில் கேட்டோம். “வைரஸ் பிடிச்சிட்டு, ஃபோமட் அடி” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதினார்கள். அடித்தோம். பிறகு, இதுதான் சொல்ல வெட்கமான பகுதி, பென் இப்போது சரியாக வேலை செய்யுதோ என்று பார்க்க ஒரு படத்தைக் கொப்பி பண்ணிப் பார்த்தோம். 1.4 ஜிபி. அழகாக ஓடியது. படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டோம்.

அதன் பிறகுதான் யாரோ கேட்டார்கள்: “அந்தப் பாட்டெல்லாம் வேற எங்கயோ இருக்குத்தானே?”

இதில் பென் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. அது சொன்னதைச் செய்தது. நடந்த ஒவ்வொன்றும் எங்கள் கையால் நடந்தது, அதுவும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். “காணாமல் போச்சு” என்று நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறோம். ஒரு பென்னில் ஃபைல் காணாமல் போவது பல விதம். எந்த விதம் என்று பார்க்காமல் கை வைப்பதுதான் பாதி நாசம்.

எங்களுக்கு முதலில் நடந்தது ஒளிப்பு. அந்த வகை வைரஸ் ஃபைலை அழிப்பதில்லை. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு பொய் ஷோர்ட்கட்டை வைக்கும், நீங்கள் அதைத் திறந்தால் தானும் ஓடும் என்பதற்காக. சில வைரஸ் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டரை உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பென்னின் படத்தில் வலது பக்கம் அழுத்தி புரொப்பட்டீஸைப் பாருங்கள். ஒன்றுமில்லை என்று காட்டுகிற பென் 4 ஜிபி நிறைந்திருக்கிறது என்று சொன்னால், ஃபைல்கள் உள்ளேதான் இருக்கின்றன. விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்ற தெரிவு இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது மட்டும் போட்டால் பல நேரம் ஒன்றும் தெரியாது, ஆட்கள் அத்தோடு கைவிட்டு விடுவார்கள். காரணம், வைரஸ் அவற்றை ‘மறைந்தது’ என்று மட்டும் குறிப்பதில்லை, ‘இயங்குதளத்தின் ஃபைல்’ என்றும் குறித்துவிடும். ஃபோல்டர் ஒப்ஷன்ஸுக்குள் போய், பாதுகாக்கப்பட்ட இயங்குதள ஃபைல்களை மறை என்ற சரியையும் எடுத்துவிட வேண்டும். அப்போது மங்கலாக வந்து நிற்கும். கமாண்ட் புரொம்ப்ட் பழக்கமானவர்கள் அட்ரிப் என்ற கட்டளையால் எச், ஆர், எஸ் என்ற மூன்று குறிகளையும் கழற்றிவிடலாம். காசு இல்லை, மென்பொருள் இல்லை, ஒருவரிடமும் போகத் தேவையில்லை.

எங்கட பென் நிறைந்திருக்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அடுத்து நாங்கள் அடித்த ஃபோமட். இதையும் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஃபோமட் அடித்த பிறகும் கதை முடியவில்லை. ஒரு நூலகத்தில் புத்தகங்கள் அலுமாரியில் இருக்கும், எது எங்கே என்று சொல்கிற கார்ட்டுகள் வாசலில் ஒரு பெட்டியில் இருக்கும். குயிக் ஃபோமட் என்பது அந்தப் பெட்டியை வெறுமையாக்குவது. புத்தகம் அலுமாரியில் அப்படியே இருக்கும். ஒரு ஃபைலை டிலீட் பண்ணினாலும் அப்படித்தான். பென்களில் வழமையாக இருக்கும் ஃபட் முறையில் அந்த ஃபைலின் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ‘இது அழிந்தது’ என்று ஒரு குறி விழும், அவ்வளவுதான். ஆனால் கார்ட் இல்லாத அலுமாரி வெறுமை என்றுதான் கொம்பியூட்டர் நினைக்கும். அடுத்ததாக நீங்கள் எதைக் கொப்பி பண்ணினாலும் அதன் மேலேயே எழுதும். எழுதினால் போனதுதான். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பென்னில் அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குள் போகாது. விண்டோஸ் விஸ்ரா காலத்தில் இருந்து, குயிக் என்ற சரியை எடுத்துவிட்டு முழு ஃபோமட் அடித்தால் விண்டோஸ் முழு இடத்தையும் பூச்சியத்தால் நிரப்பிவிடும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

ஆகவே ஃபைல் காணவில்லை என்றால் முதல் வேலை ஒரு வேலையும் செய்யாமல் விடுவது. பென்னைக் கழற்றி வையுங்கள். “திருத்தட்டா?” என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தன் அறிவுக்கு எட்டினபடி திருத்தும், ஒரு பென்னில் எங்களுக்கு மிஞ்சியது விளங்காத பெயர்களோடு ஒரு குவியல் சிஎச்கே ஃபைல்கள். “ஃபோமட் பண்ண வேண்டும்” என்று சொன்னாலும் வேண்டாம். பிறகு ஆறுதலாக, பழுது வந்த பென்னில் நேரடியாகக் கை வைக்காமல், முழுப் பென்னையும் ஒரு பிம்பமாகக் கொம்பியூட்டருக்கு எடுத்து, அதில் தேடுங்கள். வாசிக்கக் கஷ்டப்படுகிற பென்னில் இருந்து பிம்பம் எடுக்க லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. தேடுவதற்கு ஃபோட்டோரெக். பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஓடியோ, டொக்கியுமென்ட் எல்லாம் தேடும். இலவசம், திறந்த மூலம். அதன் கறுப்புத் திரையைக் கண்டு பயப்படாதீர்கள். கண்டுபிடித்ததை அதே பென்னில் சேமிக்கக் கூடாது என்பது மட்டும் வேதவாக்கு.

ஃபோட்டோரெக் கார்ட்டுகளைப் பார்ப்பதில்லை, அலுமாரி அலுமாரியாகத் தடவிப் பார்த்து, இது ஒரு ஓடியோவின் தொடக்கம், இது ஒரு படத்தின் தொடக்கம் என்று அடையாளம் கண்டு எடுக்கும். அதனால் பெயர்கள் வராது. எங்களுக்கு வந்தவை எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட இலக்கமுமாக இருந்தன. எது எந்தப் பாட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுதினோம். 23 இல் 14 வந்தன. இரண்டாம் இரவின் 11 ஃபைலும் முழுசாக வந்தன. முதல் இரவின் 12 இல் கடைசி மூன்று மட்டும், முக்கால் மணித்தியாலம். மற்ற ஒன்பதும் பென்னின் தொடக்கத்தில் இருந்தவை. ஃபோமட் அடித்த பென்னில் புதிதாக எழுதப்படுவது தொடக்கத்தில் இருந்துதான் போகும். அந்த இடத்தில் இப்போது ஒரு கதாநாயகன் ஆடிக்கொண்டிருக்கிறான்.

ரெக்கோடரின் கார்ட்டையும் கேட்டுப் போனோம். அதில் நாங்கள் அழித்தது மீளக் கிடைத்திருக்கலாம். அதற்குள் அதில் மூன்று கலியாணம் பதிவாகியிருந்தது.

வேறு விதமாகவும் காணாமல் போகும். எங்கட தோழி ஒருத்தி 2 ரிபி என்று அச்சடித்த ஒரு பென்னை ஒன்லைனில் வாங்கினாள். விலை ஒரு சாப்பாட்டுப் பார்சலை விடக் கொஞ்சம் கூட. கம்பஸ் நாலு வருடத்துப் படமெல்லாம் அதற்குள் போட்டாள். பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன, அளவும் சரி, திறந்தால் முதல் கொஞ்சம் தவிர ஒன்றும் திறக்கவில்லை. அந்தப் பென்னுக்குள் சில ஜிபி மட்டும்தான் உண்மையான இடம். தன்னைப் பெரியது என்று பொய் சொல்லும்படி அதன் கொன்ட்ரோலரை மாற்றி விற்கிறார்கள். உண்மையான இடம் முடிந்ததும் பழையதின் மேல் எழுதும், அல்லது எழுதினதாகப் பாவனை பண்ணும். பெயர்ப் பட்டியல் முன்னுக்கு இருப்பதால் எல்லாம் இருப்பது போலவே தெரியும். இதில் மீட்க ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அந்தப் படங்கள் ஒருபோதும் அதற்குள் இருந்ததில்லை. புதுப் பென் வாங்கினால், ஒன்றும் போட முதல் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மக்கிலும் எஃப்3 என்ற இலவசச் சோதனையை ஓட விடுங்கள். முழுக்க எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

கொன்ட்ரோலரே செத்த பென் வேறு கதை. செருகினால் அசையாது, அல்லது கொள்ளளவு பூச்சியம் என்று காட்டும். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. யூரியூபில் பென்னைப் பிரிட்ஜுக்குள் வைக்கச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

இதை வாசிக்கிற பலர் இந்த இடத்தில், சரி, நல்ல குறிப்புகள், சேமித்து வைப்போம் என்று நினைப்பீர்கள். அதுதான் எங்களுக்குப் பயம். மேலே எழுதியதெல்லாம் வெள்ளம் வந்த பிறகு வாளி தேடுகிற வேலை. பென் பழுதாகத்தான் செய்யும். அதற்குள் இருப்பது மிகச் சிறிய கூடுகளில் அடைத்து வைத்த மின்னேற்றம். கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் லாச்சிக்குள் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். எழுத எழுதத் தேயும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், கொப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே கொம்பியூட்டர் நின்று எத்தனை பென்கள் குழம்பின என்று கொமினிகேஷன் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2000 ஆம் ஆண்டில் இந்தச் சாமான் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தபோது ஐபிஎம் விற்றது 8 எம்பி. நெகிழ்தட்டுக்குப் பதிலாக ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வந்த சாமான் இது. நாங்கள் அதில் குடியிருக்கப் பார்க்கிறோம். பஸ்ஸில் குடியிருந்துவிட்டு, பஸ் போட்டுது எண்டு அழுகிறோம்.

ஆனால் எங்களுக்கு முதல் இரவு போனதற்கு வைரஸும் காரணமில்லை, ஃபோமட்டும் காரணமில்லை, அந்தப் படமும் காரணமில்லை. உண்மைக் காரணம் இதற்கெல்லாம் முதலே நடந்தது. அதை எழுத எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். எழுதுவதென்று முடிவெடுத்தோம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் இரண்டாம் இரவு விறாந்தைக்கு வந்திருந்தார். கையில் தன்னுடைய பென். “நேற்றுப் பாடினதை ஒருக்கா இதில போட்டுத் தாங்கோ பிள்ளையள், எங்கட பெடியளுக்குப் பழக்கலாம்” என்று கேட்டார். முதல் இரவின் ஃபைல்கள் அப்போது கார்ட்டிலேயே இருந்தன. லப்டொப் பக்கத்தில் இருந்தது. ஐந்து, பத்து நிமிட வேலை. நாங்கள் என்ன சொன்னோம்? “ரீச்சர், இன்னும் எடிட் பண்ணேல்லை. எங்கட பேரோட முதல்ல வெளியிட்டிட்டுப் பிறகு கட்டாயம் தாறம்.” அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பென்னைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரை இருந்து கேட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமையும் ஒருக்கால் வட்ஸ்அப்பில் கேட்டார். அதற்கும் அதே பதில்.

அவருக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கு முதல் இரவு முழுக்க இருக்கும்.

இந்தக் கஞ்சத்தனம் எங்களுக்கு மட்டும் உரியதா? இல்லை என்று வாசிக்கிற உங்களுக்கே தெரியும். கூட்டத்தை வீடியோ எடுத்தவர் அதை யாருக்கும் கொடுக்க மாட்டார், பேசினவருக்கே கொடுக்க மாட்டார், பேஸ்புக்கில் நாற்பது செக்கன் போடுவார். பழைய சஞ்சிகைகளின் முழுத்தொகுதியையும் ஸ்கான் பண்ணி வைத்திருக்கிறேன் என்று ஒருவர் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், ஒரு பக்கம் கண்ணில் காட்ட மாட்டார். ஆய்வுக்கென்று ஊருக்குப் போய்க் கிழவிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பதிந்து வருகிறவர்கள், அந்த ஊருக்கு ஒரு கொப்பி திருப்பிக் கொடுப்பதில்லை. “யாரும் களவெடுத்துப் போடுவினம்.” “எங்கட உழைப்பு.” உழைப்புத்தான், மறுக்கவில்லை. பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள், சண்டை பிடியுங்கள், நாங்களும் உங்கள் பக்கம் நின்று சண்டை பிடிப்போம். ஆனால் பெயர் போய்விடும் என்ற பயத்தில் பாட்டையே போக விட்டவர்கள் நாங்கள்.

அண்ணாவியாரிடம் இதைச் சொல்லப் போனபோது அவர் கோபிக்கவில்லை. அறைக்குள் போய்த் தன் கூத்துக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். 80 பக்க மொனிட்டர் கொப்பிகள் மூன்றைச் சேர்த்துத் தைத்தது. தன் குருவின் கொப்பியைப் பார்த்துத் தான் எழுதினதாம். குருவின் கொப்பி அவருடைய குருவினதைப் பார்த்து எழுதினதாம். இடம்பெயர்ந்த நேரம் ஒருக்கால் இவருடைய கொப்பி தொலைந்தே போனது. தன்னிடம் பழகின ஒருவர் பார்த்து எழுதி வைத்திருந்ததை வாங்கித் திரும்ப எழுதினார். இப்போது நாலு வீட்டில் இருக்கிறது. “கொப்பி இருக்குப் பிள்ளையள், அது போகாது. மெட்டுத்தான் கொப்பிக்குள்ள இல்லை” என்றார். அதற்காகத்தான் நாங்கள் ரெக்கோடரோடு போனோம்.

எழுத்துக்கும் ஒரு காலத்தில் இதுதான் நிலைமை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தபோது, கையில் எடுக்கும்போதே உதிர்கிற ஏடுகளைப் பற்றிப் பதிப்புரையில் புலம்பியிருக்கிறார். ஓலை எப்படியும் மக்கும். மக்க முதல் யாராவது இன்னோர் ஓலையில் பார்த்து எழுதினவை மிஞ்சின. எழுதாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தவை பெட்டியோடு போயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பல். அந்தத் தீயை வைத்தவர்களை நாங்கள் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த 97,000 இல், வேறு எங்காவது இன்னொரு பிரதி இருந்த புத்தகங்களை மீண்டும் தேடி வாங்க முடிந்தது. அங்கே மட்டும் இருந்தவைதான் திரும்பி வரவே இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நாங்கள் புரொபைல் படத்தைக் கறுப்பாக்குகிறோம். கறுப்பாக்குகிற அதே கையில், ஒரு ஊரின் மெட்டுகள் ஒரு சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. 2005 இல் தொடங்கின நூலகம் திட்டம் ஸ்கான் பண்ணி எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பவற்றைப் பாருங்கள். அவர்களிடம் மந்திரம் ஒன்றும் இல்லை, பூட்டி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களோடு வாதாட வருகிறவர்கள் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. கிளவுட் இருக்கே என்பார்கள். பாவியுங்கள். கூகிள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. ஆனால் அது ஒருவரின் கணக்கு, ஒருவரின் பாஸ்வேர்ட். அவர் கோபித்துக்கொண்டு குறூப்பை விட்டுப் போனால் அதுவும் ஒரு சாவிக்கொத்துத்தான். சிங்க் பண்ணுகிற ஃபோல்டரில் ஒருவர் தெரியாமல் அழித்தால் எல்லாருடைய கொம்பியூட்டரிலும் அழியும், குப்பைத் தொட்டியைக் காலம் முடிய முதல் பார்த்தால் தப்பலாம். வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறம் என்பவர்களுக்கு: படத்தையும் வீடியோவையும் அது நசித்துத்தான் அனுப்பும், டொக்கியுமென்டாக அனுப்பினால் ஒழிய.

செலவு என்பார்கள். எங்கட 4 ஜிபிக்கு என்ன செலவு? எல்லார் லப்டொப்பிலும் இடம் இருந்தது. ரீச்சரிடம் பென்னே இருந்தது.

கனமான மறுப்பு ஒன்றுதான், அதைச் சும்மா தட்டிவிட மாட்டோம். எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் சொன்னது, ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொன்னது, பெயர்களும் முகங்களும் உள்ளவை. எங்கட வீடுகளில் படங்களை எரித்தவர்கள், புதைத்தவர்கள் இருக்கிறார்கள், இருப்பதே ஆபத்து என்ற காலத்தில் வேறு வழி இல்லாமல் செய்தது அது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை, போக வேண்டிய நிலைமையும் முழுசாக வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அப்படியான வாக்குமூலத்தை ஒரு பூட்டும் இல்லாத பென்னில் போட்டுக் கைப்பையில் கொண்டு திரிவது பாதுகாப்பா? கொமினிகேஷனில் செருகுவது பாதுகாப்பா? அங்கே ஃபைல் தொலையவும் செய்யும், பிறர் கைக்குப் போகவும் செய்யும். ஃபோமட் அடித்த பென்னில் இருந்து நாங்கள் பாட்டு எடுத்த மாதிரியே, நீங்கள் அழித்துவிட்டதாக நினைக்கிற குரலை இன்னொருவர் எடுக்கலாம். இப்படியானவற்றை வெராகிரிப்ட் போன்ற ஒன்றால் பூட்டி, பூட்டினதையே இரண்டு மூன்று இடத்தில், சொன்னவரின் சம்மதத்தோடு வையுங்கள். சாவி யாரிடம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கூத்துப் பாட்டுக்கு இந்தக் கதையைச் சாட்டாகச் சொல்ல வேண்டாம். நாங்கள் ரீச்சருக்குக் கொடுக்காமல் விட்டது யாருடைய பாதுகாப்புக்காகவும் இல்லை.

இப்போது நாங்கள் செய்கிறது இவ்வளவுதான். பதிவு முடிந்து அந்த வீட்டை விட்டு எழும்ப முதல், பாடினவருக்கோ பேசினவருக்கோ ஒரு கொப்பி. எங்களில் இரண்டு பேரின் லப்டொப்பில், வேறு வேறு ஊரில், ஒவ்வொன்று. கிளவுட்டில் ஒன்று, பாஸ்வேர்ட் மூன்று பேருக்குத் தெரியும். மூன்று இடத்திலும் திறந்து, தொடக்கம், நடு, முடிவு கேட்டுப் பார்த்த பிறகுதான் கார்ட்டை அழிப்பது. கேட்டுப் பார்ப்பது என்பதை விட்டுவிடாதீர்கள், பெயர் தெரிவதெல்லாம் ஃபைல் இல்லை என்று அந்தப் 2 ரிபி பென் காட்டியது. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஒருவர் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். இந்த முறை யார் என்று இன்னும் சண்டை.

மிஞ்சின 14 ஃபைல்களையும் ரீச்சரின் பென்னில் போட்டுக் கொடுத்தோம். அவர் உடனே அங்கேயே திறந்து பார்த்துவிட்டு, “முதல் நாள் பாடினதில ஒரு பாட்டு நல்லா இருந்ததே, அது எங்கை?” என்று கேட்டார். சொன்னோம். அண்ணாவியாரைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மார்கழிப் பனி கழியட்டும், இப்ப இழுப்பு என்கிறார்.

முதல் இரவு அந்த விறாந்தையிலும் முற்றத்திலும் முப்பது பேர் வரை இருந்தார்கள். பலர் போனைத் தூக்கிப் பிடித்துப் பதிந்துகொண்டிருந்ததை நாங்கள் கண்டோம், அப்போது அது எங்களுக்கு எரிச்சலாகவும் இருந்தது. உங்களில் யாரிடமாவது, உங்கட அப்பா அம்மாவின் போனிலாவது, அந்த இரவின் இரண்டு நிமிடம் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். டொக்கியுமென்டாக அனுப்புங்கள். உங்கட போனில் இருப்பதை அழித்துவிடாதேங்கோ.